பஹ்ரைனில் வாங்கிய டிவி கேம்

எனக்கு வெளிநாடு பார்க்கிற ஆசை எல்லாம் கிடையாது. பஹ்ரைனுக்குப் போனது இரண்டு சோலிக்காக. ஒன்று என் தங்கை பிலோமி கொடுத்தது. இன்னொன்று என் கடைக்கு வருகிற பயல்கள் கொடுத்தது.

கடை தக்கலையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிறது. நாலு டிவி, நாலு கேம் மிஷின், இரண்டு பெஞ்சு. வருகிறவர்கள் எல்லாம் கல்லூரிப் பயல்கள். இரண்டு பேர் விளையாடுவார்கள், ஆறு பேர் பெஞ்சில் இருந்து ஏசுவார்கள். தோற்றவன் எழும்பி ஜாய்ஸ்டிக்கை அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். கடையில் உள்ள ஒரே சட்டம் அதுதான்.

பதினாலு வருடமாக இந்தத் தொழில். மூன்று தலைமுறை மிஷின் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புரட்சி என்றார்கள். முதல் மிஷினுக்குக் கேசட்டை ஊதி ஊதிப் போட வேண்டும். அடுத்ததற்கு சிடி. அதை ஊத வேண்டாம், சட்டையில் துடைத்தால் போதும். அதற்கடுத்ததில் பந்து விளையாடுகிறவனுக்கு வியர்த்தது, தலைமுடி ஆடியது. மற்றபடி அதே பந்து, அதே கோல், அதே பெஞ்சு, அதே ஏச்சு. முடி ஆடுவதற்காக ஒரு மிஷினா? இத்தனை வருடத்தில் உருப்படியாக வந்த ஒரே புதுச் சரக்கு, அடி வாங்கும்போது ஜாய்ஸ்டிக் கைக்குள் கிடந்து அதிர்கிறதே, அதுதான். அது வந்தும் பத்து வருடம் ஆகிவிட்டது.

இரண்டாயிரத்து எட்டில் பயல்கள் புதுப் பாட்டு பாட ஆரம்பித்தார்கள். ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். பட்டன் அமுக்க வேண்டாமாம். கையில் ஒரு வெள்ளைக் குச்சி. அதை வீசினால் திரையில் மட்டை வீசுமாம். நாகர்கோவிலில் கேட்டேன், திருவனந்தபுரத்தில் கேட்டேன், கிடைக்கவில்லை. கல்ஃபில் கடைக்குக் கடை கிடக்கிறது என்றார்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டு மிஷின் வாங்கி நான் ஏற்கெனவே ஏமாந்தவன். இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிலோமி கொடுத்த சோலி வேறு. அவள் புருஷன் வறுவேல் அப்போது பதினொரு வருடமாக பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். இந்தத் தடவை வர வேண்டிய நேரம் போய், அதற்கு மேலும் ஒரு வருடம் போய்விட்டது. கேட்டால் அடுத்த சீசன் என்பார். பிலோமி ஒரு போட்டோவை என் முன்னால் போட்டாள். துறைமுகத்தில் வறுவேல் நிற்கிறார். இடது கையில் பெரிய மீன். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்.

"பாத்தியா அண்ணே, பாக்கெட்டுல கைய விட்டுட்டு நிக்கியாரு. பெரிய தொர ஆயிட்டாரு. அங்க எவளோ இருக்கா. போய் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. நான் வேற யாருட்ட பறைய?"

"ஏட்டி, நான் கேம் மிஷின் பாக்கப் போறேன்."

"அதையும் பாரு. இத மொதல்ல பாரு."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் கடற்கரையில் பிறந்தவன்தான். ஆனால் கடல் எனக்கு ஒவ்வாது. அப்பா மூன்று தடவை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார். மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி கக்கினேன். ஊர் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் வறுவேல். எனக்கு "கக்கி சேவியர்" என்று பேர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பேரைக் கேட்க முடியாமல்தான் தக்கலைக்கு வந்து கடை போட்டேன். அப்புறம் அதே ஆளுக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுத்தோம். கடற்கரையில் அப்படித்தான்.

புதன்கிழமை விமானம் ஏறினேன். பெட்டியில் கருவாடு, முந்திரிக்கொத்து, மரச்சீனிக் கிழங்கு வற்றல். கருவாட்டைப் பதினொரு தாளில் சுற்றியிருந்தாள் பிலோமி. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி ஒரு தடவை மூச்சை இழுத்தார், உடனே மூடிவிட்டார். என் வாழ்க்கையில் ஒரு அரசாங்கக் காரியம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

விமானத்தில் தந்ததைச் சாப்பாடு என்று சொன்னால் பொய். பக்கத்து இருக்கையில் கொல்லத்துக்காரர், வெல்டர். எதற்குப் போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். டிவி கேம் வாங்க என்றேன். உங்களுக்கு என்ன வயது என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். அதற்குப் பிறகு இறங்குகிற வரைக்கும் அவர் என்னிடம் பேசவில்லை.

வெளியே வந்து பார்த்தால் வறுவேல் இல்லை. அவருடைய அறையில் தங்கியிருக்கிற ததேயு வந்திருந்தான். குளச்சல் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும், மீன் ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறான்.

"மச்சான் எங்க?"

"படகுல சோலி உண்டு அண்ணே. பெட்டிய நான் எடுக்கியேன்."

மச்சினன் முதல் தடவையாக வெளிநாடு வருகிறான், பெட்டி தூக்க வராமல் என்ன பெரிய சோலி என்று எனக்குக் கோபம். வண்டி முழுக்க ஐஸ் பெட்டி. என் பக்கத்துக் கதவு வெளியே இருந்து மட்டும்தான் திறக்கும். விமான நிலையம் ஒரு தீவிலும் ஊர் இன்னொரு தீவிலும் இருக்கிறது. நடுவே பாலம். அந்தப் பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. ததேயு சுற்றி வந்து கதவைத் திறந்துவிட, இறங்கித் தள்ளினேன். வெளிநாட்டு மண்ணில் நான் செய்த முதல் காரியம் அது. வெயில் தலையில் இடிக்கிறது. பின்னால் பெரிய பெரிய கார்கள் ஹாரன் அடிக்கின்றன. ததேயு வண்டியின் பானட்டில் ஓங்கி அறைந்தான். ஒரு காரிலிருந்து வெள்ளை அங்கி போட்ட அரபிக்காரர் ஒருவர் இறங்கினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து தள்ளினார். போகும்போது ததேயுவிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லியாரு?"

"வயசான வண்டிய அடிக்காத, தடவிக் குடுன்னு சொல்லியாரு."

தக்கலையில் பஸ் நின்றுபோனால் இறங்கித் தள்ளுகிறவர்கள் உண்டு. காரில் போகிறவன் இறங்கித் தள்ளி நான் பார்த்ததில்லை.

அறையில் ஆறு பேர். இரட்டைக் கட்டில் மூன்று. எல்லாரும் நம்ம கடற்கரைக்காரர்கள். சுவரோரமாக ஒரு பெரிய தட்டை டிவி. உலகக்கோப்பைப் பந்தாட்டம் பார்க்க எல்லாரும் சேர்ந்து வாங்கியது. அதன் மேல் ஒரு பூத்துவாலை போட்டு மூடியிருந்தார்கள். எங்கள் ஊர் குருசடியில் இருக்கிற சிலுவைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

சாயங்காலம் வறுவேல் வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். இடது கையை என் தோளில் போட்டு இறுக்கினார்.

"என்ன மச்சான், பிளேன்ல கக்கினீரா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு வந்தீரு?"

அறையே சிரித்தது. எனக்கு எரிந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. ஹமூர் மீன் குழம்பு வைத்திருந்தார்கள். நம்ம ஊர்க் கலவாதான், அரபியில் பேர் மாறிவிட்டது. தொட்டுக்கொள்ள குபூஸ் என்று தட்டு அகலத்துக்கு ஒரு ரொட்டி. கருவாட்டைப் பொரித்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தின்ன ஆரம்பித்தார்கள். வறுவேல் மட்டும் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீரு தின்னல்லியா?"

"நான் அப்பவே தின்னாச்சு."

வியாழக்கிழமை பலத்த காற்று. படகுகள் கடலுக்குப் போகவில்லை. வறுவேல் என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடல் நம்ம கடல் மாதிரி இரைவதில்லை. காற்று அடித்தும் தடுப்புச் சுவருக்கு உள்ளே குளம் மாதிரி கிடந்தது. ஊரில் வட்டக்கோட்டை மேலே நின்று அலையைப் பார்த்துப் பழகினவனுக்கு இது கடலே இல்லை. படகுகளில் ஆள் உயரத்துக்குக் கம்பிக்கூடுகள் அடுக்கியிருந்தார்கள். அதைக் கடலில் இறக்கி, மீன் ஏறினதும் வடம் போட்டு இழுப்பார்களாம்.

கட்டிப்போட்டிருந்த படகில் என்னை ஏற்றினார். சுக்கானுக்குப் பின்னால் போய் இருந்தார்.

"இப்ப நான் கூடு இழுக்கியதில்ல மச்சான். சுக்கான் பிடிக்கியேன். கை நனையாது."

ஒற்றைக் கையால், இடது கையால், சினிமாவில் கார் ஓட்டுகிறவன் மாதிரி சுக்கானைப் பிடித்துக் காட்டினார். பிலோமி சொன்னது சரிதான், தொர ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சுக்கானுக்கு மேலே ஒரு சின்னத் திரை இருந்தது. போட்டுக் காட்டினார். நீலத்தில் சிவப்புத் திட்டுகள் ஓடின.

"இதுதான் எனக்க டிவி கேம். செவப்பா வருதுலா, அது மீன். சில சமயம் பாறை. தப்பாப் பாத்தா கூடு போச்சு."

"எனக்க கடைல தோத்தவன் எழும்பணும். இதுல?"

"இதுல தோத்தவன் எழும்பமாட்டான்."

நன்றாகத்தான் பேசினார். பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், கக்கிவிட்டேன். பக்கத்துப் படகில் இருந்தவன் கைதட்டினான். வறுவேல் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கட்டிப்போட்ட படகுல கக்கின மொத ஆள் நீருதான் ஓய். அரபிக்காரன் இதுக்கு ஒரு கல்லு நாட்டுவான்."

திரும்பி வரும்போது பிக்கப்பில் ததேயுவிடம் நேராகவே கேட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"மச்சானுக்கு இஞ்ச எவளும் உண்டுமா?"

ததேயு வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தான். "அண்ணே, எங்க ரூமுல ஒரு பல்லி உண்டு. அதுகூட ஆம்பளதான்."

"பின்ன ஏன் ஊருக்கு வரல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. கியரை மாற்றினான். "அத அவருட்ட கேளும்."

வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் பூசை காணப் போனோம். கல்ஃபில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அதனால் ஞாயிறு பூசையை வெள்ளிக்கிழமை தமிழில் வைக்கிறார்கள். கோவில் நிறைய நம்ம ஊர் முகங்கள். சாமியாரும் அதை ஞாயிறு என்றே சொன்னார், எல்லாரும் ஆமென் என்றார்கள். கிழமையையே மாற்றி வைத்திருக்கிறார்கள், இதைப் புரட்சி என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். வெளியே ஒரு மலையாளி பழம்பொரியும் சாயாவும் விற்றார். வறுவேல் சாயாவை மட்டும் குடித்துவிட்டு, படகைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். ததேயுவும் நானும் கடைக்குப் போனோம்.

அங்கே அந்த மிஷினைப் பார்த்தேன். சோப்புப் பெட்டி மாதிரி சின்னதாக, வெள்ளையாக இருந்தது. விற்பனைக்காரர் கோட்டயத்துக்காரர். "இதில் என்ன புதுசு? முடி ஆடுமா?" என்று கேட்டேன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "சாரே, படம் பழைய மிஷினைவிட மோசம்தான். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் இதை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து, பெண்டாட்டியும் விளையாடுகிறாள் என்று சொல்கிறார்கள். இத்தனை வருடம் விற்றதில் வேறு எந்த மிஷினுக்கும் நான் அதைக் கேட்டதில்லை."

என் கடைக்குப் பதினாலு வருடத்தில் ஒரு பெண்பிள்ளை விளையாட வந்ததில்லை. அந்தப் பேச்சு என்னைக் கொஞ்சம் அசைத்தது.

குச்சியைக் கொடுத்தார். டென்னிஸ் விளையாடினோம். வேர்க்க விறுவிறுக்க வீசினேன். தோற்றேன். தோற்றவன் எழும்ப வேண்டும், ஆனால் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது, இந்த மிஷினுக்குப் பெஞ்சு தேவையில்லை. என் கடையின் அகலம் எட்டடி. இரண்டு பேர் கையை வீசினால் மூன்றாவது ஆளுக்கு மூக்கு இருக்காது. இரண்டாவது ஆட்டத்தில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தோளிலிருந்து வீசவே வேண்டாம், மணிக்கட்டை லேசாக ஆட்டினாலே பந்து போகிறது. அப்படியானால் புதுசு என்று சொன்னதில் பாதி ஏமாற்று. சொன்னேன். கோட்டயத்துக்காரர் சிரித்தார். "அது தெரிந்தவன் உட்கார்ந்து ஆடுவான் சாரே. தெரியாதவன்தான் சந்தோஷமாக ஆடுவான்."

நாங்கள் மீன்பிடிக்கிற ஆட்கள் என்று ததேயு சொன்னதும், தூண்டில் போடுகிற கேம் டிஸ்க் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். குச்சியின் முனையில் ஒரு வார் தொங்கியது. அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், மாட்டாவிட்டால் டிவிக்கு ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். பதினாலு வருடமாக மிஷினோடு கிடக்கிறவனுக்கு இவர் சொல்லித் தருகிறாராம். அறைக்கு வந்ததும் வாரை அவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டேன்.

அந்தச் சாயங்காலத்தை மறக்க முடியாது. பூத்துவாலையை எடுத்து, டிவியில் மாட்டி, தூண்டில் கேமைப் போட்டேன். திரையில் ஒரு ஏரி. சுற்றி மலை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீரிப்பாறை மலை மாதிரி, ரப்பர் மரம் மட்டும் இல்லை. குச்சியை வீசினால் தூண்டில் போய் விழும். மீன் கடித்தால் குச்சி அதிரும். உடனே சுண்டி, இன்னொரு கையால் சுற்ற வேண்டும். அறையில் உள்ள எல்லாருடைய அனுபவத்தையும் கூட்டினால் நூறு வருடக் கடல் அனுபவம் வரும். ஒருவருக்கும் ஒரு மீன் கிடைக்கவில்லை.

"இது என்ன எழவு தூண்டல்? கம்புல போய் நூலக் கட்டி வெச்சிருக்கான்!"

"லேய், மீனு சிரிக்கியது மாதிரி இருக்கு பாரு. எந்த மீன்டே சிரிக்கும்?"

"ஒனக்க மூஞ்சியப் பாத்தா கருவாடும் சிரிக்கும்."

"இரைய மாத்துலேய், அதுக்கு நெத்திலி போடணும்."

ததேயு கட்டிலில் ஏறி நின்று வீசினான். ஒருவர் திரைக்குப் பக்கத்தில் போய் மீனைத் திட்டினார். நான் இத்தனை வருடத்தில் எந்த மிஷினுக்கும் இப்படிச் சிரித்ததில்லை. வறுவேலும் கட்டிலில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீரு வாரும் மச்சான்" என்றேன்.

"எனக்கு வேண்டாம்."

"பதினொரு வருசம் கடல்ல கெடந்தவரு, ஏரி மீனுக்குப் பயமா?"

எழும்பி வந்தார். குச்சியை இடது கையில் வாங்கினார்.

"சோத்துக் கைல பிடியும் ஓய். மிஷினு வலது கைக்குத்தான் செட் பண்ணியிருக்கு."

"விடும் அண்ணே, அவருக்க இஷ்டம்" என்றான் ததேயு. எனக்கு மிஷின் விஷயத்தில் யாரும் குறுக்கே பேசினால் பிடிக்காது. குச்சியைப் பிடுங்கி வறுவேலின் வலது கையில் திணித்து, விரல்களை நானே மூடிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீசினார். தூண்டில் அழகாகப் போய் விழுந்தது. எல்லாரும் காத்திருந்தோம். மீன் கடித்தது. குச்சி அதிர்ந்தது.

வறுவேலின் கை துள்ளியது. குச்சி கையிலிருந்து பறந்து நேராகப் போய் டிவியின் நடுவில் அடித்தது. ஏரியின் குறுக்கே மேலிருந்து கீழே ஒரு விரிசல்.

முதலில் ததேயுதான் கத்தினான்: "மீன் கடிச்சா நூல விடணும்லா! அவரு விட்டுட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நம்பினேன். நம்ப வேண்டிய விஷயம்தான் அது. நம்ம ஆட்கள் கம்பு வைத்து மீன் பிடிப்பதில்லை. தங்கூசி நூலை வெறும் கையில் பிடிப்பார்கள். பெரிய மீன் இழுத்தால் முதலில் விரலைத் திறந்து நூலை ஓடவிடுவார்கள், பிறகுதான் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பார்கள். இந்த மிஷினைச் செய்த கம்பெனிக்காரன் கன்னியாகுமரி கடற்கரையைப் பார்த்திருக்கமாட்டான். இப்படி டிவியை உடைக்க உலகத்தில் வேறு எவனாலும் முடியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது இடித்தது. நான் கடலுக்கு ஆகாதவனாக இருக்கலாம். ஆனால் அப்பாவின் கையை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நூலை விடும்போது விரல்தான் திறக்கும். கை நெஞ்சுப் பக்கமாகத்தான் வரும், முன்னால் போகாது. குச்சி அவர் காலடியில் விழுந்திருக்க வேண்டும். டிவிக்கு ஏன் போனது?

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாக்கெட்டுக்குள் கை. பெட்டி தூக்க வராதது. சுக்கானில் இடது கை. மூன்று நாளாக "நான் அப்பவே தின்னாச்சு".

இரண்டு குபூஸும் ஒரு கிண்ணம் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"தின்னும்."

"பசிக்கல்ல மச்சான்."

"மூணு நாளா உமக்குப் பசிக்கல்ல. தின்னும்னு சொல்லியேன்லா."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குபூஸை இடது கையில் எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக் கிழித்தார். இடது கையாலேயே குழம்பில் முக்கினார். என் முன்னால், அறைக்காரர்கள் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு தின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"எப்ப?"

"ஒண்ணர வருசம் ஆச்சு. கூடு இழுக்கிய வடத்துல மாட்டிச்சு. ஆசுபத்திரில தச்சாங்க. எலும்பு கூடிச்சு. மூணு வெரலுக்கு உசிரு வரல்ல. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. மொதலாளி நல்ல மனுசன், சுக்கான்ல இருத்தினாரு."

"பிலோமிக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஊருக்கு வான்னு சொல்லுவா. வந்து? வலை இழுக்க முடியாத்தவனுக்குக் கடப்புறத்துல என்ன சோலி? எல்லாவனும் எனக்க கையப் பாப்பான். பேரு வைப்பான். நான் உமக்கு வெச்சம்லா."

ததேயு வெளியே போய்விட்டான். மற்றவர்களும் போனார்கள்.

"ஒண்ணு சொல்லட்டா மச்சான்" என்றார் வறுவேல். "நேத்து நான் நூல விடல்ல. நீரு வெரல மூடினது எனக்குத் தெரியல்ல. குச்சி கைல இருக்கியதும் தெரியல்ல. அது அதிர்ந்துச்சு பாரும், அது தெரிஞ்சுது. அந்த மூணு வெரல்லயும் தெரிஞ்சுது. மீன் கடிச்ச மாதிரியே. பேடிச்சுப் போனேன். அதுலதான் கை துள்ளிட்டு."

பத்து வருடப் பழைய சரக்கு என்று நான் சொன்னது அந்த அதிர்வைத்தான்.

அப்புறம் நிறையப் பேசினேன். எழுத முடியாத வார்த்தைகள் கொஞ்சம் இருந்தன. சாரம் இதுதான். கடலுக்குப் போக முடியாதவன் செத்துவிடுவான் என்றால் நான் இருபது வருடத்துக்கு முன்னால் செத்திருக்க வேண்டும். பேர் வைத்தால் என்ன? கக்கி சேவியர் கடை வைத்து உட்காரவில்லையா? என் கடையில் இரண்டு பெஞ்சு இருக்கிறது, ஒன்றில் வந்து இரும்.

"எனக்குக் கம்ப்யூட்டரு ஒண்ணும் தெரியாது ஓய்."

"எனக்கும்தான் கடலு தெரியாது. போன எடும்."

பிலோமிக்குப் போன் போட்டார். மெதுவாகச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது.

"கையா? வெறும் கையா? ஒண்ணர வருசமா நான் எவளுக்க மூஞ்சியோ நெனச்சு நெனச்சு வெந்து சாவுகேன், நீரு கைக்கா ஒளிச்சீரு?"

"பிள்ள, அது சோத்துக் கை."

"எடக் கையால தின்னா சோறு உள்ள எறங்காதா? சீசன் முடிஞ்ச ஒடன வந்து சேரும். அண்ணன்ட்ட குடும்."

வாங்கினேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அண்ணே, நீ வாங்கப் போன மிஷின வாங்கினியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் புறப்படுவதற்கு முன் அறைக்கு வேறு டிவி வாங்கி வைத்தேன். அதற்கும் பூத்துவாலை போட்டார்கள். விமான நிலையத்துக்கு இந்தத் தடவை வறுவேல் வந்தார். ஒரு பெட்டியை நானும் ஒரு பெட்டியை அவரும் தூக்கினோம். பாலத்தில் வண்டி நிற்கவில்லை. நின்றிருந்தால் தேவலை என்று இருந்தது.

சீசன் முடிந்து வறுவேல் வந்து சேர்ந்தார். இப்போது தக்கலைக் கடையில் இருக்கிறார். எட்டடிக் கடையில் ஒரு பெஞ்சைத் தூக்கிவிட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் பெயிண்டால் கட்டம் போட்டோம். முதல் நாளே, வார் கட்டாதவனுக்குக் குச்சி இல்லை என்று புதுச் சட்டம் போட்டார். அவரே இடது கையாலும் பல்லாலும் இழுத்துக் கட்டிவிடுவார். படகுக்காரன் முடிச்சு, எவனாலும் அவிழ்க்க முடியாது.

அந்த மிஷினில் புதுசு உண்டா என்று கேட்டால், மூன்று மாதத்தில் கல்லூரிப் பயல்கள் பழைய பட்டனுக்கும் பழைய பந்துக்கும் திரும்பிவிட்டார்கள். மணிக்கட்டு ரகசியம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. கோட்டயத்துக்காரர் சொன்னது மட்டும் நடந்தது. பிலோமி வந்தாள். திரையில் பந்தை உருட்டி, விழாத கட்டைகளைத் திட்டினாள். பிறகு பக்கத்துத் தையல் கடைப் பெண்கள் வந்தார்கள். நானே பட்டனைக் கொடுத்திருந்தால் அவர்கள் தொட்டிருக்கமாட்டார்கள், வறுவேலும் தொட்டிருக்கமாட்டார். குச்சியைப் பிடிப்பதற்கு யாருக்கும் வெட்கமில்லை. அதுதான் அதில் இருந்த புதுசு. மற்றதெல்லாம் பழையதுதான்.

கூட்டம் இல்லாத நேரத்தில் வறுவேல் வலது கையில் வாரைக் கட்டிக்கொண்டு அந்த ஏரியில் தூண்டில் போடுகிறார். பத்துத் தடவைக்கு நாலு தடவை குச்சி நழுவி, மணிக்கட்டில் மீன் மாதிரித் தொங்குகிறது. எடுத்து மறுபடியும் போடுகிறார். விரல் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆகவில்லை. மூன்றில் ஒன்று கொஞ்சம் மடங்குகிறது. அது மிஷினாலா, பிலோமியின் வாயாலா, எனக்குத் தெரியாது.

போன மாதம் பயல்கள் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். இன்னொரு கம்பெனியின் புது மிஷினாம். குச்சியே கிடையாதாம். டிவிக்கு மேலே ஒரு கேமரா. கையில் ஒன்றும் பிடிக்க வேண்டாம், வெறும் கையை ஆட்டினால் போதுமாம். இது நிஜமான புரட்சி அண்ணே, ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று என்னைப் பிடுங்கினார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வறுவேல் வார் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிக் கேட்டார்.

"கைல ஒண்ணும் இல்லன்னா, மீன் கடிச்சது எப்பிடிடே தெரியும்?"

அந்த மிஷினை நான் வாங்கவில்லை.